அமைதியான மின்சாரக் காருக்கு ஏன் செயற்கை ஒலி?

"மின்சாரக் காரின் பெரிய நன்மையே அமைதிதான். அதில் ஒலிபெருக்கியைப் பொருத்தி மறுபடியும் ஒலி மாசை உண்டாக்குவது அபத்தமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அபத்தமாகத் தோன்றும், ஆனால் அப்படியில்லை.

மின்சாரக் கார் ஓசையின்றி நகர்வது மெதுவாகச் செல்லும்போது மட்டுமே. வேகம் பிடித்ததும் டயர் சாலையில் உருளும் இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மணிக்கு 20 கி.மீ. வரையிலும், பின்னோக்கி நகரும்போதும் எச்சரிக்கை ஒலி வந்தால் போதும். 2019 ஜூலையில் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலையில் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் இது கட்டாயமானது. அமெரிக்காவில் வரம்பு சுமார் 30 கி.மீ.

ஒலியின் அளவும் அடக்கமானதுதான். 20 கி.மீ. வேகத்தில் குறைந்தது 56 டெசிபல், உச்சவரம்பு 75. வேகம் கூடக் கூடச் சுருதியும் மாற வேண்டும் என்பது எனக்குப் பிடித்த அம்சம். சாலையோரம் வெள்ளைக் கோலுடன் நிற்கும் ஒருவருக்குக் கார் வருகிறது என்பது மட்டும் போதாது. வேகமெடுக்கிறதா, தணிகிறதா என்பதும் காதிலேயே தெரிய வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் நகரும் காரைக் கவனிக்காத குழந்தைக்கும் இதுவே காப்பு.

நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு இருப்பவர்கள் மின்சாரக் கார்களால் நிம்மதி வரும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே தூக்கத்தைக் கெடுப்பது டயரும், ஹாரனும், சைலன்சரைக் கழற்றி ஓட்டும் மகானுபாவர்களும்தான்.