வேலிமசால் விதைத்து 20 நாளாகியும் முளைக்கவில்லை, ஏன்? 10 ஆட்டுக்கு எவ்வளவு இடத்தில் போடவேண்டும்?

விதை கெட்டுப்போயிருக்கும் என்று முடிவுகட்டி மீதியைக் கொட்டிவிடாதீர்கள். பயறுவகைத் தீவனச் செடியான வேலிமசாலின் விதைத்தோல் கடினமானது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும்.

மீதி விதையை வெந்நீர் நேர்த்தி செய்து போடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, சுமார் 80 டிகிரிக்கு வந்ததும் விதையைப் போட்டு 4, 5 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் போட்டு விட்டுவைத்தால் முளைக்கரு வெந்துவிடும். வடித்ததைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை விதைக்கத் தயார். கல்போலக் கிடப்பவற்றைப் பிரித்து இன்னொரு முறை வெந்நீரில் போடலாம். முதலில் ஒரு கைப்பிடி விதையில் செய்து பார்த்துவிட்டு முழுவதிலும் இறங்குவது நல்லது. வேர் முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கஞ்சியில் கரைத்து விதையோடு கலப்பதானால் விதையும் கஞ்சியும் நன்றாக ஆறியிருக்கவேண்டும். சூட்டில் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும். கலந்ததும் நிழலில் சிறிது உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள்.

ஏக்கருக்கு 8 கிலோ, அதாவது சென்டுக்கு 80 கிராம் விதை. வரிசைக்கு வரிசை 50 செ.மீ. விட்டு, 1 முதல் 2 செ.மீ. ஆழத்தில் தொடர்ச்சியாகத் தூவி மூடவேண்டும். ஆழம் கூடினால் நேர்த்தி செய்த விதையும் மேலே வராது. அடியுரமாகச் சென்டுக்கு 100 கிலோ தொழுவுரமும் ஒன்றரை கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் போதும். காற்றுத் தழைச்சத்தை வேர் முடிச்சுகளே பிடித்துக்கொள்ளும் என்பதால் யூரியாவை வாரி இறைக்க வேண்டாம், அது களைக்குத்தான் தீனி. நாற்று மெதுவாக வளரும். முதல் இரண்டு மாதம் களையெடுக்காவிட்டால் கோரையும் அருகும் அதை அமுக்கிவிடும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

அதிகம் பேர் கோட்டைவிடுவது அறுவடையில். செடி பச்சென்று நிற்பதைப் பார்த்து இரண்டாம் மாதமே தரையோடு அறுத்தால் வேர் வலுப்பெறாமல் பாதிச் செடி பட்டுப்போகும். முதல் வெட்டு 90 நாள் கழித்து, தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு. அதன்பின் 40 நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் வெட்டுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு விறகாகிவிடும், ஆடு இலையை உருவிவிட்டுக் குச்சியை ஒதுக்கும். ஆட்டை நேரே உள்ளே விடாதீர்கள். கொழுந்தையும் பட்டையையும் கடித்தே செடியைத் தீர்த்துவிடும்.

இலை தொட்டாச்சிணுங்கி போலவே இருப்பதால் நஞ்சோ என்று சிலர் தயங்குகிறார்கள். தொட்டாச்சிணுங்கி, சவுண்டல் (சூபாபுல் மரம்) இரண்டுக்கும் இது உறவுதான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆனால் முள் கிடையாது. சவுண்டல் தழையை அளவுக்கு மீறிப் போட்டால் முடி உதிரக் காரணமாகும் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இதில் இல்லை. குதிரைமசால் என்ற இன்னொரு தீவனப் பயிரை ஈரத்தோடு வயிறுமுட்டத் தின்றால் வரும் வயிற்று உப்புசமும் இதில் வராது. அதற்காக இதையே முழுத் தீவனமாக்க வேண்டாம். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் சரியான கலவை. கம்பு நேப்பியர் தீவனப் புல்லோடு சேர்த்து நறுக்கிப் போட்டால் வீணாகாது.

இப்போது உங்கள் 10 ஆட்டுக்கு வருவோம். வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம் என்றால் அதில் வேலிமசால் 1 கிலோ, ஆண்டுக்கு 365 கிலோ. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் மகசூல் ஹெக்டேருக்கு ஆண்டில் 125 டன், சென்டுக்கு ஏறக்குறைய 500 கிலோ. அது தண்ணீரும் பராமரிப்பும் குறையாத நிலத்துக்கான கணக்கு. கோடையில் வெட்டு தள்ளிப்போகும் என்பதால் ஆட்டுக்கு ஒன்றரை சென்டாவது, மொத்தம் 15 சென்ட் ஒதுக்குங்கள். நான்கைந்து பாத்தியாகப் பிரித்து முறைவைத்து வெட்டினால் தினமும் தழை கிடைக்கும்.

ஓரத்தில் ஒரு வரிசையை வெட்டாமல் விட்டால் அடுத்த விதைப்புக்கு விதை ஆயிற்று. காய் பழுப்பேறியதும் பறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும். அந்த விதைக்கும் வெந்நீர் நேர்த்தி வேண்டும்.