அன்றாடம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தே உடம்புக்கு வேண்டிய சத்து கிடைத்துவிடுமா, இல்லை சத்துப் பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். ஒரு வேளைதான் சமைக்க முடிகிறது, மத்தியானத்துக்குள் களைத்துப் போகிறீர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் ஏதோ டப்பா வாங்கச் சொல்கிறார்கள். வயதை எழுதவில்லை. இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள் இருக்கும் பெண் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தம்பியாக இருந்தாலும் படியுங்கள், பாதியாவது பொருந்தும்.

கிடைக்கும். அதுதான் என் பதில். ஆனால் வீட்டில் நல்ல சாப்பாடு இருந்தால் மட்டும் போதாது, அது நம் வாய்க்குள் போக வேண்டும். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கு இது புரிய நாற்பத்தைந்து வயது ஆனது.

நான் டாக்டர் இல்லை, படிப்பும் பன்னிரண்டாவதோடு சரி. காரைக்குடியில் பதினாறு வருடமாக வீட்டில் சமைத்து கேரியர் சாப்பாடு கொடுக்கிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், காலேஜ் பிள்ளைகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் தனியாக இருக்கும் ஆச்சிமார்கள் என்று தினம் முப்பது கேரியர் போகும். ஒவ்வொன்றிலும் சோறு, குழம்பு, ரசம், துவட்டல், கூட்டு, மோர் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் கீரை மசியல், ஒரு நாள் அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டி. தீபாவளி வந்தால் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை ஆர்டர் தனி. என் சாப்பாட்டைச் சாப்பிட்டு உடம்பு தேறியதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

2024 தீபாவளிக்கு முந்தைய மாதம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆர்டர் வேலை, தூக்கம் குறைவு, அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். முதலில் பத்துப் பதினைந்து மணி. அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க மெல்ல ஆரம்பித்தேன். ஈரம் பட்ட பச்சரிசி பல்லில் நறநறவென்று உடையும்போது மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. நிறுத்த முடியவில்லை. என் மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டு, "அரிசி தின்னா ரத்தம் செத்துப் போகும்டி, வெளுத்துப் போயிட்ட பாரு" என்றார். அரிசி தின்பதால்தான் வெளுக்கிறது என்று நானும் நம்பினேன்.

டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அடுத்த கேள்வியே, "அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி ஏதாவது திங்கணும்னு தோணுதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இரும்புச்சத்து குறைந்தால் இப்படிப்பட்ட ஆசை வருமாம். அரிசி தின்று ரத்தம் குறைவதில்லை, ரத்தம் குறைந்ததால் அரிசி தின்னத் தோன்றியிருக்கிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்தப் பழக்கம் இருந்தால் திட்டாதீர்கள், ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஐஸ் கட்டியைக் கடித்துக் கடித்துத் தின்பதும் இதே வகைதான்.

ஹீமோகுளோபின் 7.6 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இன்னும் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார். மாதவிலக்கு ஒன்பது பத்து நாள் நீள்வதையும் அப்போதுதான் கேட்டு, ஸ்கேன் எடுத்து, அதற்குத் தனியாக வைத்தியம் நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீரை தின்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதப்போவதாக யாராவது கீழே சண்டைக்கு வரக்கூடாது. ரத்தம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு தின்றாலும் நிரம்பாது. இரும்பு மாத்திரையை ஏழு மாதம் ஒழுங்காகப் போட்டேன். அளவு ஏறிய பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும் என்றார்கள், தொடர்ந்தேன். மாத்திரை போடும்போது மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

நடுவில் ஒரு தப்பும் நடந்தது. ஒரு கடையில் 'பெண்களுக்கான முழுமையான சத்து' என்று சொல்லி மூன்று டப்பா பவுடர் கட்டிக் கொடுத்தார்கள். ஆறாயிரத்துச் சொச்சம். முப்பது கேரியருக்கு எத்தனை நாள் உழைத்தால் அந்தப் பணம் மிஞ்சும் என்று எனக்குத்தான் தெரியும். டப்பாவின் பின்பக்கத்தை மகள் படித்துக் காட்டினாள். முதலில் எழுதியிருந்ததே சர்க்கரை. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்களாம். பவுடர் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் குடியுங்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் கடைக்காரர் சொல்லி வாங்காதீர்கள்.

என்னிடம் கேரியர் வாங்குபவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். சிஸ்டரம்மா என்று கூப்பிடுவேன். அவர் சொன்னதுதான் என்னைத் திருத்தியது. "ஒரு நோட்டு எடும்மா. மூணு நாளைக்கு உன் வாய்க்குள்ள போனதை மட்டும் எழுது. சமைச்சதை எழுதாதே."

எழுதினேன். விடிகாலை ஐந்துக்கு டீ. ஏழரைக்கு டீ. பத்தரைக்கு நின்றுகொண்டே இரண்டு இட்லி, உடனே ஒரு டீ. பன்னிரண்டரைக்கு எல்லா கேரியரும் போய்விடும். அப்புறம் வீட்டு ஆண்கள், பிள்ளைகள், மாமியார். நான் உட்காரும்போது மூன்றரை. கூட்டுச் சட்டி காலி, துவட்டல் காலி, குழம்பில் காய் இருக்காது. சோறு, அடிக்குழம்பு, ஒரு அப்பளம். உண்ட அசதிக்கு உடனே டீ. சாயங்காலம் உடைந்த தேன்குழல். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு தோசை, மிளகாய்ப்பொடி. மூன்று நாளும் இதுதான்.

அன்று பதினெட்டு கிலோ காய் நறுக்கியிருக்கிறேன். நோட்டில் எனக்கென்று ஒரு துண்டு காய் இல்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மகள் அதை போனில் எடுத்துக் காட்டினாள். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை அல்லது முட்டை, கறி, மீன் 85 கிராம், கீரையோடு சேர்த்துக் காய் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று இருந்தது. எல்லாம் சமைக்காத பச்சை எடை. என்னிடம் தராசு இருக்கிறதே, நான்காம் நாள் என் பங்கை நிறுத்துப் பார்த்தேன். அரிசி மட்டும் 400 கிராமுக்குப் பக்கம் வந்தது. பருப்பு ஒரு கைப்பிடி. காய் எழுபது கிராம் கூட இல்லை.

மாற்றியது கொஞ்சம்தான். சமைத்து இறக்கியதும் முதல் கரண்டி என் சம்புடத்துக்குப் போகும். கேரியர் அப்புறம். இதற்கு வீட்டில் சங்கடப்பட்டார்கள், எச்சில் படாத சாப்பாடுதானே என்று நான் அசையவில்லை. டீயை விடவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தொடுவதில்லை. டீயிலும் காப்பியிலும் இருக்கும் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். மூன்றரை மணிச் சோற்றோடு குடித்த அந்த டீ என்னிடம் எவ்வளவு பிடுங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. புளிப்பு நேர்மாறு. முருங்கைக்கீரையோடு ஒரு நெல்லிக்காயோ, பருப்பின் மேல் பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் அந்த இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்கிறது. கொதிக்கும் பாத்திரத்தில் பிழியாதீர்கள், இறக்கிப் பிழியுங்கள்.

சாயங்காலத் தேன்குழலுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். தினம் ஒரு முட்டை, அதில் ஆறு கிராம் புரதம். வாரம் ஒருமுறை நெத்திலி, முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். பரணில் கிடந்த இரும்புச் சட்டியை இறக்கிப் புளிக்குழம்பை அதில் வைக்கிறேன். புளிப்புப் பட்டால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். ஆனால் கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்து ருசி கெடும்.

எங்கள் ஊர்ச் சமையலில் இதெல்லாம் முன்பே இருந்தது. மண்டி வைக்கும்போது அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கொட்டாமல் அதில்தான் வெண்டைக்காயையும் மொச்சையையும் வேக வைப்போம். அரிசி களையும்போது கரைந்து போகும் பி வைட்டமின் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பக்கத்தில் புதுவயல் முழுக்க அரிசி மில்தான். அங்கே நெல்லை அவித்துக் காயவைத்துத்தான் புழுங்கல் அரிசி ஆக்குகிறார்கள். அவிக்கும்போது தவிட்டுச் சத்து கொஞ்சம் அரிசிக்குள் போய்விடுவதால், தீட்டினாலும் பச்சரிசியைவிடக் கூடுதலாக நிற்கும். பெண் பிள்ளைகள் பெரியவளானால் உளுந்தும் கருப்பட்டியும் போட்டுக் கும்மாயம் கிண்டிக் கொடுப்பார்கள். கவுனி அரிசியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வீடியோக்களில் அதை மருந்து போல விற்கிறார்கள். முழுத்தானியம், நல்லதுதான். ஆனால் நாங்கள் அதைச் சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டு விசேஷத்துக்குச் செய்வோம். அது இனிப்பு. மூன்று வேளையும் தின்ன வேண்டிய பொருள் இல்லை.

சொல்ல வந்தது விட்டுப் போகிறது என்றாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வெளியூரில் எங்கே பார்த்தாலும் செட்டிநாடு என்று பலகை மாட்டிவிட்டு, சிவப்பு நிறம் கலந்த எண்ணெயில் மிளகாயை மிதக்க விட்டுக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் என்னிடம் வந்து, "உங்க ஊர்ச் சாப்பாடா, வயிறு எரியுமே" என்கிறார்கள். நான் சமைத்துப் பழகிய ஆச்சிமார் வீடுகளில் மத்தியான இலையில் இளங்குழம்பு இருக்கும், தண்ணிக்குழம்பு இருக்கும், பருப்பு மசியல், அவரைக்காய்த் துவட்டல் இருக்கும். மிளகும் சீரகமும் சோம்பும் அளவாகத்தான் விழும். கறிக்குழம்பு தினசரிச் சாப்பாடு இல்லை. ஒரு ஆச்சி எண்பது வயதிலும் தன் கையால் அம்மியில் மசாலா அரைத்து, "காரம் நாக்குல நிக்கக் கூடாது, மணம்தான் நிக்கணும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கைப்பக்குவத்தின் பெயரை எடுத்து வியாபாரம் செய்கிறவர்கள், அந்த இலையில் இருந்த காயையும் பருப்பையுமாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். சரி, விடுகிறேன்.

"காசு இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம்" என்று ஒருவர் எழுதுவார் என்று தெரியும். வேலியில் முருங்கை நின்ற வீட்டில்தான் எனக்கு 7.6 வந்தது. காசு இல்லாத கஷ்டமும் எனக்குத் தெரியும், அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாமலா இருக்கும்? கடைசியாக உட்காருபவரின் தட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. அவருக்கும் ரத்தம் பார்த்தோம், 9.1. ஐம்பது வருடம் கடைசியாகச் சாப்பிட்டவர். இப்போது பன்னிரண்டரைக்கு நானும் அவரும் முதலில் உட்காருகிறோம். முதல் ஒரு வாரம், "ஆம்பளைக சாப்பிடட்டும்டி" என்று எழுந்து எழுந்து போனார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். போன மாதம் எனக்கு 12.4, அவருக்கு 11.2.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனியாக இருப்பதால் கடைசியாகச் சாப்பிடும் பிரச்சினை உங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு ஆளுக்குத்தானே என்று காயை விட்டுவிட்டு வெறும் ரசமும் சோறும் ஆக்குவீர்கள், காலையில் காப்பியும் பிஸ்கட்டும் போதும் என்று ஓடுவீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடலையோ பயறோ ஊறப்போட்டு, மறுநாள் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளைக்கு வரும். சோறு வேகும் குக்கரிலேயே மேல் தட்டில் இரண்டு காய் நறுக்கிப் போடலாம். சைவமாக இருந்தால் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது கீரையிலும் பருப்பிலும் கிடையாது, பால் தயிரில் கொஞ்சம் உண்டு.

டப்பா வாங்குவதற்கு முன்னால் ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கூடவே ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதுங்கள். டீ, காப்பி குடித்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.