புவி மரபிடப் பாதுகாப்பு: என்ன படிப்பது, வேலை எங்கே?

பிளஸ் டூ முடித்த மகள், கல்லாக மாறிய பழங்கால மரங்களான கல்மரங்களையும் புதைபடிவங்களையும் பாதுகாத்து மக்களுக்குக் காட்டும் புவி மரபிடப் பாதுகாப்பு வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அந்தப் பெயரில் ஒரு பணியிடத்தை நாளிதழ் விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்த வேலை நடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில், அருங்காட்சியகங்களில், பல்கலைக்கழகத் துறைகளில் அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஜியாலஜி, அதாவது நிலவியல், படித்தவர்கள். ஆகவே உங்கள் மகள் முதலில் முழுமையான ஜியாலஜிஸ்ட் ஆகட்டும். பாதுகாப்பு, சுற்றுலா, கல்வி என்ற மூன்றும் அதன்மேல் ஏற்ற வேண்டிய திறன்கள். இந்த வரிசையை மாற்றி, சுற்றுலா மேலாண்மைப் பட்டத்தில் தொடங்கினால் பாறையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்கு அவள் வருவது கடினம்.

துறையின் இன்றைய நிலை உங்களுக்குத் தெரிய வேண்டும். 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, முக்கியமான இடங்களைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்துவருகிறது. தமிழ்நாட்டில் சாத்தனூர் கல்மரம், திருவக்கரை கல்மரப் பூங்கா, பரங்கிமலையின் சார்னோகைட் பாறை, காரை – குளக்காநத்தம் பகுதியின் அரிப்பு நிலம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சாத்தனூர் மரம் சுமார் 18 மீட்டர் நீளம்; 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகுக்குத் தெரிவித்தார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக இருக்கும் பாறை வகைக்குத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னோகைட் என்று பெயர் வைத்தார்.

ஆனால் நினைவுச்சின்னம் என்ற அறிவிப்புக்குப் பின்னால் வலுவான தனிச் சட்டம் இல்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் வரலாறு, தொல்லியல், கலை ஆகிய மதிப்புள்ளவற்றுக்கானது. இயற்கையாகக் கிடக்கும் ஒரு புதைபடிவப் படுகை தானாக அதற்குள் வராது. புவி மரபிடங்களுக்கென்றே ஒரு சட்ட வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. சட்டம் வந்தால் பணியிடங்கள் பெருகும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். அதை மட்டும் நம்பி ஐந்தாண்டுப் படிப்பைத் திட்டமிட வேண்டாம். ஜியாலஜிப் பட்டம் நிலத்தடி நீர், கனிமத் தேடல், அணை – சுரங்கப்பாதைப் பணிகள் என்று வேறு கதவுகளையும் திறக்கும் என்பதால் உங்கள் மகளுக்கு இந்த ஆசையால் நஷ்டம் வராது.

உலக அளவில், நிலவியல் சிறப்புள்ள பகுதிகளைப் பாதுகாத்து, கல்விக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தும் யுனெஸ்கோ குளோபல் ஜியோபார்க் என்ற அமைப்பு 2015இலிருந்து இயங்குகிறது. 2025 ஏப்ரல் நிலவரப்படி 50 நாடுகளில் 229 ஜியோபார்க்குகள். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. மலேசியாவின் லங்காவி 2007இலேயே ஜியோபார்க் உலகத்துக்குள் வந்துவிட்டது. ஜியோபார்க் என்பது உலக மரபுச் சின்னம் என்ற பட்டத்திலிருந்து வேறானது, மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். 2025 செப்டம்பரில் வர்க்கலா பாறைமுகடுகள், விசாகப்பட்டினத்தின் செம்மணல் மேடுகள், திருமலை மலைகள் உள்ளிட்ட 7 இந்திய இடங்கள் சேர்க்கப்பட்டது உலக மரபின் உத்தேசப் பட்டியலில்தான். ஜியோபார்க் ஆக வேண்டுமானால் உலக முக்கியத்துவமுள்ள நிலவியல், ஒரே தொடர்ச்சியான எல்லை, சட்டப்படி பதிவான நிர்வாக அமைப்பு, மேலாண்மைத் திட்டம் எல்லாம் வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே குறைந்தது ஓராண்டு ஜியோபார்க்காக நடந்து காட்டியிருக்க வேண்டும். நான்காண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு: பச்சை அட்டை கிடைத்தால் மேலும் நான்காண்டு, மஞ்சள் கிடைத்தால் குறைகளைச் சரிசெய்ய இரண்டாண்டு, சிவப்பு என்றால் தகுதி போய்விடும். நிர்வாக அமைப்பு புதைபடிவ விற்பனையில் ஈடுபடவே கூடாது. முதல் இந்திய விண்ணப்பங்களைத் தயாரிக்க இதெல்லாம் தெரிந்த ஜியாலஜிஸ்டுகள் தேவைப்படுவார்கள்.

சரி, படிப்பு. பி.எஸ்சி. ஜியாலஜி சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற சில இடங்களில்தான் உண்டு. விண்ணப்பத்தில் ஜியாலஜியும் ஜியாகிரபியும் அடுத்தடுத்து இருக்கும். மாறிச் சேர்ந்துவிட்டால் பின்னால் வரும் பல தேர்வுகளுக்குத் தகுதி இல்லாமல் போகும். கணிதம் நன்றாக வரும் பிள்ளை என்றால் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி ரூர்க்கி, கரக்பூர், தன்பாத் ஐஐடிகளின் நிலவியல் படிப்புகளையும் முயலலாம். பி.எஸ்சி. முடித்தவர்கள் ஐஐடியில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வின் ஜியாலஜித் தாள் இருக்கிறது.

எம்.எஸ்சி. கட்டாயம். யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வில் ஜியாலஜிஸ்ட் பணிக்கு முதுகலைப் பட்டம்தான் தகுதி. வயது 21 முதல் 32 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வில் பொது அறிவுக்கு 100, ஜியாலஜிக்கு 300; முதன்மைத் தேர்வில் 200 மதிப்பெண் வீதம் மூன்று விரிவான தாள்கள்; நேர்முகம் 200. முதல்நிலை மதிப்பெண்ணும் இறுதித் தரவரிசையில் சேரும் என்பதை மறந்து, சும்மா தேறினால் போதும் என்று அதை எழுதுபவர்கள் கடைசியில் சில மதிப்பெண்ணில் இடத்தை இழக்கிறார்கள். மாநில அளவில் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி ஜியாலஜிஸ்ட் பணி இருக்கிறது. ஆராய்ச்சியில் நாட்டம் என்றால், கல்மரங்களுக்கு லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம் நாட்டின் முதன்மையான இடம்.

இனி வேலையின் உள்ளே வருவோம். உங்கள் மகளுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். ஆசை நிலைக்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

முதல் வேலை பட்டியலிடுதல். ஒவ்வோர் இடத்துக்கும் ஜிபிஎஸ் குறிப்பு, பாறையின் வயது, அரிய தன்மை, சிதையாமல் இருக்கும் அளவு, நில உடைமை, வழி ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். அறிவியல் மதிப்பு, கல்வி மதிப்பு, சுற்றுலா மதிப்பு, அழியும் அபாயம் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது பெரும் தவறு. அம்மோனைட்டுகள் என்ற அழிந்துபோன கடல் உயிர்களின் விரலளவுப் புதைபடிவங்கள் நிறைந்த களிமண் சரிவு அறிவியலில் உச்ச மதிப்பும் அபாயத்தில் உச்ச மதிப்பும் பெறும். அங்கே சுற்றுலாவே கூடாது என்பதுதான் சரியான முடிவு. கூட்டு எண் அந்த இடத்தையே முதலில் திறக்கச் சொல்லும்!

அடுத்தது பாதுகாப்பு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசர் விவரிக்கப்பட்டது. இன்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எலும்புகள் இல்லை; அவை சிதைந்துபோயின. எஞ்சியிருப்பவை கோட்டோவியங்களும் சில படங்களும்தான். வேலை எவ்வளவு அவசரமானது என்று சொல்ல இந்த ஒன்றே போதும். ஈரமான களிமண்ணில் கிடந்த எலும்பு வெயிலில் வேகமாக உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் நிழலில், மெதுவாக உலரவிட வேண்டும். பிறகு பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் அளவுக்குக் கரைத்து, சொட்டுச் சொட்டாக ஊறவிட வேண்டும். ஈரம் போகும் முன் ஊற்றினால் பிசின் உள்ளே இறங்காது, மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். எடுத்துச் செல்ல, நனைத்த மெல்லிய காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகளைச் சுற்ற வேண்டும். காகித அடுக்கை விட்டுவிட்டால் பிளாஸ்டரைப் பிரிக்கும்போது எலும்பும் உரிந்து வரும்.

களத்தில் இருக்கும் கல்மரங்களில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கேடு சிமென்ட். விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தால் அதிலுள்ள உப்புகள் ஈரத்தோடு கல்லுக்குள் போய்ப் படிகமாகி, சிமென்டை ஒட்டிய கல்லையே செதில் செதிலாக உதிர்க்கும். பெயர்ப்பலகைக்காகப் பாறையில் துளை போடுவதும், அடையாள எண்ணைப் பாறைமேல் பெயின்டால் எழுதுவதும் இதே வகை. காரைப் பகுதியில் நிலைமை வேறு. அது ஜிப்சம் இழைகள் ஓடும் களிமண் நிலம். மழை பெய்து ஓரிரு நாளில் ஒரு கூட்டம் நடந்தால் காலடித் தடங்களே ஓடைகளாகும். அங்கே வேலியைவிட முக்கியம், மழைக்குப் பிறகு பாதையை மூடி வைப்பது.

சுற்றுலா என்றதும் பலரும் விளம்பரத்தை நினைக்கிறார்கள். தொடங்க வேண்டியது கணக்கில். எடுத்துக்காட்டாக 600 மீட்டர் பாதை ஒன்று. 15 பேர் கொண்ட குழுவுக்கு, இடைவெளியையும் சேர்த்து 100 மீட்டர் என்று வைத்தால் ஒரே நேரத்தில் 6 குழுக்கள், 90 பேர். ஒருமுறை சுற்ற 2 மணி நேரம், இடம் திறந்திருப்பது 8 மணி நேரம் என்றால் நாளுக்கு 4 சுற்று, 360 பேர். கடும் வெயிலான 3 மணி நேரத்தைக் கழித்தால் 225. ஆண்டில் 60 நாள் மழைக்காக மூட வேண்டியிருந்தால், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 188. இதன்மேல் அரிப்பு, கழிப்பறை, காவலர் எண்ணிக்கை எல்லாம் இன்னும் குறைக்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசத் தெரிந்த ஜியாலஜிஸ்டுக்கு மதிப்பு அதிகம்.

விளக்கப் பலகையில் 200 சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. பாறையை மறைக்காமல் இடுப்புக்குக் கீழே, 30 முதல் 45 பாகை சாய்வில் வைக்க வேண்டும். பாறையின் பெயரில் தொடங்கும் பலகையைவிட, பார்ப்பவர் கண்முன் தெரிவதைச் சுட்டித் தொடங்கும் பலகை நன்றாக வேலை செய்யும்: ‘இந்த மரத்தண்டு கிடக்கும் படிவுகளில் கடல் உயிர்களின் எச்சங்களும் இருக்கின்றன. மரம் எப்படிக் கடலுக்கு வந்தது?’

பள்ளிப் பிள்ளைகளுக்கு 46 மீட்டர் கயிறு ஒன்று போதும். பூமியின் 460 கோடி ஆண்டுகளுக்கு அதை விரித்தால் ஒரு மீட்டர் 10 கோடி ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் 10 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்தது முனையிலிருந்து 66 சென்டிமீட்டரில்; மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டு கடைசி 3 மில்லிமீட்டர். இதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலம் என்பது புரிந்துவிடும். இப்படிக் கற்றுத்தரும் திறமை உங்கள் மகளுக்கு இருந்தால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஊரில் உள்ள பிள்ளைகள் மதிக்காத இடத்தை எந்த வேலியும் காக்காது.

சுற்றுலா அமைச்சகத்தின் இணையவழி வழிகாட்டிச் சான்றிதழ் படிப்பு, ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவு மென்பொருள், ஒளிப்பட அளவீடு ஆகிய மூன்றையும் பட்டப்படிப்பின்போதே சேர்த்துக்கொள்ளலாம். ஒளிப்பட அளவீட்டுக்கு முதலில் ட்ரோன் தேவையில்லை. சாதாரண கேமராவில் அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, அளவுகோல் வைத்து எடுத்தால் முப்பரிமாண மாதிரி வந்துவிடும். அதே இடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் இப்படி எடுத்தால், எவ்வளவு அரித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கல்லூரி சேருமுன் இந்த விடுமுறையில் அவளைச் சாத்தனூருக்கும், வாரணவாசியில் உள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். நோட்டு, பென்சில், அளவுநாடா, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் போதும். சுத்தியல் வேண்டாம், ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது. பார்த்ததை வரைந்து, அளந்து, இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றும் எழுத உற்சாகம் இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சேர்க்கைக்குப் போகும் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மூன்றாண்டில் களப்பயணம் மொத்தம் எத்தனை நாள், பாறையை மெல்லிய தகடாக அறுத்துப் பார்க்கும் கருவி ஓடுகிறதா, மாணவர்கள் வரைந்த நிலவியல் வரைபடம் ஒன்றைக் காட்ட முடியுமா. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.