நேற்று வரை நன்றாக இருந்த முயல் திடீரென்று இறந்துவிட்டது. மற்ற இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கூண்டு, அதில் ஒரு வயதுகூட ஆகாத மூன்று முயல்கள். ராத்திரி கீரை தின்ற ஒன்று காலையில் கால் நீட்டிக் கிடந்தது, மூக்கோரம் கொஞ்சம் ரத்தம். மற்ற இரண்டும் இப்போதைக்கு ஓடியாடிக்கொண்டிருக்கின்றன.

இன்னும் புதைக்கவில்லை என்றால் புதைக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதில் அந்த உடலுக்குள்தான் இருக்கிறது. மூக்கில் ரத்தம் என்று சொன்னதுமே ஆளாளுக்கு ஒரு நோயின் பெயரைச் சொல்வார்கள். வெயில் தாக்கினாலும், நுரையீரலில் சளி கட்டினாலும், எலி மருந்து தின்றாலும், வைரஸ் வந்தாலும் கடைசியில் மூக்கில் ரத்தம் வரலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முயலுக்கு ரோமம் அடர்த்தி. அதனால் இறந்த பிறகும் உடல் சூடு சீக்கிரம் இறங்காது, உள்ளே அழுகல் வேகமாகத் தொடங்கிவிடும். செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஐஸ் கட்டிகளை வைத்து ஒரு தெர்மோகோல் பெட்டியில் மூடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க மனம் ஒப்பினால் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். உறைந்தால் திசுக்கள் உடைந்துபோய், நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியது பாழாகிவிடும். ஒரு நாளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

சென்னை என்றால் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே நோய்க்குறியியல் துறை என்று கேட்டுப் போக வேண்டும். மற்ற மாவட்டங்களில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவைக் கேளுங்கள். ‘ஒரு முயலுக்காகவா வந்தீர்கள்?’ என்று யாராவது சிரிக்கலாம். வீட்டில் இன்னும் இரண்டு உயிரோடு இருக்கிறது என்று சொல்லுங்கள், சிரிப்பு நின்றுவிடும். முயலின் வயது, கடைசியாக என்ன தின்றது, சமீபத்தில் போட்ட ஊசி அல்லது மருந்து, கூண்டு இருக்கும் இடம், புது முயல் ஏதாவது வந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் அவர்கள் வேலை பாதியாகும்.

முயல் ஜோடிகளில் ஒன்று இறந்தால், மற்றது அந்த உடலைக் கொஞ்ச நேரம் முகர்ந்து பார்க்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தேடித் தேடிச் சாப்பிடாமல் கிடக்கும் என்று முயல் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வயதாகியோ, தெரிந்த நோயிலோ இறந்தால் நானும் அப்படித்தான் விடுவேன். காரணமே தெரியாத சாவில் அது வேண்டாம்.

இனி உயிரோடு இருக்கும் இரண்டைப் பார்ப்போம். அந்தக் கூண்டிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் காற்றோட்டமுள்ள, வெயில் படாத அறையில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகவே வைக்கலாம். ஒரே கூண்டில் இருந்தவை, பட வேண்டியது ஏற்கெனவே பட்டிருக்கும். இப்போது பிரித்தால் பயமும் தனிமையும்தான் மிச்சம். ஒன்று சுணங்கினால் உடனே பிரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு முயலோடு விளையாட விடுவது, யாருக்காவது கொடுத்து அனுப்புவது எல்லாம் முடிவு வரும்வரை கூடாது.

கண்காணிக்க வேண்டியவை வாயும் வாலும்தான். தின்கிறதா, புழுக்கை போடுகிறதா? முயல் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தாலே அவசரம். நாயைப் போல ஒரு நாள் பட்டினி கிடந்து தானே சரியாகும் பிராணி இல்லை இது. அதன் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் வாயு கட்டி உப்பிவிடும், வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புழுக்கை சிறுத்தாலோ, கோழை கோழையாக வந்தாலோ, தண்ணீராகப் போனாலோ காத்திருக்காதீர்கள். சமையலறைத் தராசில் காலையில் எடை போட்டு எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இளைப்பு தராசில் தெரியும். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்தால் அது வலி. உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு, அதற்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான்.

என் மாமனார் தாராபுரம் பக்கத்தில் கறிக்காக முயல் வளர்த்தவர். நான் வீட்டில் செல்லமாக வளர்ப்பவன். அவர் பண்ணையிலும் சரி, என்னிடம் விசாரிப்பவர்கள் வீடுகளிலும் சரி, திடீர்ச் சாவு என்று நான் பார்த்ததில் பெரும்பாலானவை மூன்றே காரணங்களில் அடங்கிவிடும்: வெயில், ரத்தக்கழிச்சல், தீனிக் கோளாறு.

வெயிலைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன், உங்கள் தகரக் கூரையால். முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும், மூச்சு வாங்கியும் கொஞ்சம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே திணறல் தொடங்கும். நம் ஊர் மே மாதத்தில் தகரத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் வாங்கிய அடி ராத்திரியிலோ மறுநாளோ கொல்லும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. சாயங்காலம் கொஞ்சம் கீரை தின்றதை வைத்து நன்றாக இருந்தது என்று நினைத்துவிடுகிறோம். மற்ற இரண்டுக்கும் காது சுட்டு, வாயோரம் எச்சில் வழிந்தால், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். அன்றாடத்துக்கு, பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே போட்டால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

ரத்தக்கழிச்சல் என்று பண்ணைக்காரர்கள் சொல்வது காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியால் வரும் காக்சிடியோசிஸ். பால் மறந்த குட்டியிலிருந்து நான்கைந்து மாதம் வரை இதற்குப் பலியாவது அதிகம். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். இதில் ஒரு வகை குடலைத் தாக்கும், இன்னொன்று கல்லீரலில் போய் உட்காரும். பிரேதப் பரிசோதனையில் கல்லீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள் தெரிந்தால் அதுதான். பெயரைப் பார்த்து ரத்தமாகக் கழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழிச்சலே இல்லாமல் வயிறு மட்டும் பெருத்துச் சாகும் குட்டிகள் உண்டு. வீட்டில் கோழி இருந்தால் பழியை அதன்மேல் போடுவார்கள். கோழிக்கு வருவது வேறு கிருமி, முயலுக்கு வருவது வேறு, ஒன்று மற்றதைத் தொற்றாது.

இந்தக் கிருமியின் முட்டை புழுக்கையோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்து ஒன்றிரண்டு நாளாவது கிடந்தால்தான் முற்றும். ஆகவே தினமும் கூண்டைச் சுத்தம் செய்து உலர வைத்தாலே பாதி வேலை முடிந்தது. தீனித் தட்டைத் தரையில் வைக்காமல் உயர்த்திக் கட்டினால் இன்னொரு கால் பங்கு. உயிரோடு இருப்பவற்றின் புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முட்டை தெரிந்தால் சல்ஃபா வகை மருந்தோ டோல்ட்ராசுரிலோ எடை பார்த்து மருத்துவர் தருவார்.

தீனி விஷயத்தில் நம் வீடுகளில் அன்புதான் எதிரி. பிஸ்கட், ரொட்டி, சாதம், பொட்டுக்கடலை, கேரட் என்று கொடுப்போம். முயலுக்கு முக்கால்வாசிக்கு மேல் புல்தான் வேண்டும், காய்ந்த புல்லோ அருகம்புல்லோ. மாவுச்சத்து அதிகமானால் குடலில் கெட்ட பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கி, ஒரே ராத்திரியில் முடித்துவிடும். தீனியைத் திடீரென்று மாற்றினாலும் அதேதான். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, மருந்தடித்த தோட்டத்துக் கீரை, அரளி இலை எதையும் விட்டுவைக்காமல் யோசித்துப் பாருங்கள். கடைசியாகக் கொடுத்த கீரைக்கட்டு மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாமல் தனியே எடுத்து வையுங்கள், மற்றவற்றுக்கும் போடாதீர்கள்.

இவை தவிர, ராத்திரியில் பூனையோ பாம்போ கூண்டருகே வந்து மிரண்டே இதயம் நின்று செத்த முயல்கள் உண்டு. துள்ளி விழுந்து முதுகெலும்பு முறிவதும் உண்டு. இரண்டுமே மற்றவற்றுக்குத் தொற்றாது. கூண்டின் வலையையும் தாழ்ப்பாளையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பயப்படும் வைரஸ் ஒன்று இருக்கிறது, முயல் ரத்தக்கசிவு நோய். 1984-இல் சீனாவில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்களிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2010-இல் பிரான்ஸில் இரண்டாவது வகை தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவில் காட்டு முயல்களைக் கட்டுப்படுத்த இதையே ஒரு தீவில் சோதித்துப் பார்த்தபோது, 1995-இல் அங்கிருந்து தப்பிப் பெருநிலத்துக்குப் பரவியது. ஈக்களும் அதைச் சுமந்து போகும். தொற்றி ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் வந்து, பல முயல்கள் வேறு அறிகுறியே காட்டாமல் சாகும். பழைய வகை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும், புதிய வகை அவற்றையும் விடாது. மனிதருக்கு வராது. ஒரே வாரத்தில் இரண்டாவது முயலும் இதே மாதிரி போனால் இந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, கல்லீரல் மாதிரியை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எது என்று தெரியும்வரை கூண்டை வைரஸ், காக்சிடியா என்ற இரண்டு எதிரிகளையும் மனதில் வைத்துக் கழுவ வேண்டும். முதலில் புழுக்கை, மூத்திரம், ரோமம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின்மேல் ஊற்றும் எந்த மருந்தும் வேலை செய்யாது, மூத்திரத்தின்மேல் பிளீச் ஊற்றினால் நச்சுப்புகைதான் வரும். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். வைரஸுக்கு இது போதும். காக்சிடியா முட்டை பிளீச்சுக்கு அசையாது, அதற்குக் கொதிக்கும் தண்ணீரும் வெயிலும்தான். மாமனார் இரும்புக் கூண்டுகளைத் தீப்பீச்சியால் சுட்டெடுப்பார். மாடியில் அந்த வேலை வேண்டாம், கொதிநீரை இரண்டு முறை ஊற்றி நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். மரக் கூண்டு, பழைய சாக்கு, அட்டைப்பெட்டி என்றால் எரித்துவிடுவதே நல்லது. ஈ, கொசு வராமல் புது இடத்துக்குக் கொசுவலை கட்டுங்கள்.

அப்புறம், பயத்தில் மருந்து கொடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை ‘பாதுகாப்புக்கு’ என்று வாயில் ஊற்றி, நன்றாக இருந்த முயல்களையும் கொன்றவர்கள் இருக்கிறார்கள். அது குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம். மருத்துவர் நாய், மாடு மட்டுமே பார்ப்பவர் என்றால், ‘இது முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கலாமா?’ என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

பாப்பா அழுகிறாள், உடனே இன்னொரு முயல் வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முடிவு வந்து, இரண்டும் ஒரு மாதமாவது குறையில்லாமல் இருந்து, கூண்டும் சுத்தமான பிறகு பார்க்கலாம். வைரஸ் என்று வந்தால் இன்னும் சில மாதங்கள் தள்ளுங்கள், காய்ந்த இடத்தில்கூட அது மாதக்கணக்கில் கிடக்கும். புதிதாக வருவதை முதல் ஒரு மாதம் வேறு அறையில், வேறு தட்டில் வையுங்கள். தினமும் பழைய இரண்டுக்கும் தீனி போட்டு முடித்த பிறகே புதியதைத் தொடுங்கள், தொட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.