'மேக் அப்' என்றால் முகப்பூச்சு மட்டும்தானா?
"ஷீ மேட் இட் அப்" என்ற வரிக்கு 'அவள் மேக்கப் போட்டாள்' என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அவள் இல்லாததைச் சொன்னாள், கதை கட்டினாள் என்பதுதான் பொருள். மேக்கப் போடுவதற்கு "ஷீ புட் ஆன் மேக்கப்" என்பார்கள். அந்த மேக்கப் பெயர்ச்சொல். அழுத்தம் முதல் அசையில் விழும். வினையாக வரும்போது 'அப்' அழுத்தம் பெறும்.

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் சொல் வரிசை. "மேட் அப் எ ஸ்டோரி", "மேட் எ ஸ்டோரி அப்" இரண்டும் சரி. ஆனால் 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். "மேட் அப் இட்" தவறு.

எனக்குப் பிடித்த பொருள் இன்னொன்று. காய் விட்டவர்கள் பழம் விட்டுக்கொள்கிறார்களே, அதற்கும் இதே சொல்தான்: "தே ஹேட் எ ஃபைட், பட் தே மேட் அப்." யாரோடு என்று சொல்ல வேண்டுமானால் 'வித்' சேர்க்க வேண்டும்: "ஐ மேட் அப் வித் மை பிரதர்."

'ஃபார்' சேர்ந்தால் ஈடுகட்டுவது. தாமதமாக வந்தவர் "ஐ வில் மேக் அப் ஃபார் தி லாஸ்ட் டைம்" என்றால், வீணான நேரத்தைச் சரிக்கட்டிவிடுகிறேன் என்கிறார்.

அப்புறம், "மேக் அப் யுவர் மைண்ட்" என்று யாராவது அலுத்துக்கொண்டால், சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று அர்த்தம்.