ரூபியை ஏன் திட்டினார்கள் என்று குழந்தை கேட்டால்…

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். கிண்டர்கார்டன் படிக்கும் ஐந்து வயது மகள், 1960-இல் வெள்ளையினக் குழந்தைகள் மட்டும் படித்த பள்ளியில் சேர்ந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். "அந்தப் பாப்பாவை ஏன் எல்லாரும் திட்டுறாங்க? என்னையும் திட்டுவாங்களா?" என்று கேட்கிறாள். இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். புத்தகம் போனாலும் கேள்வி வீட்டில்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். அவளுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். "சேச்சே, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். நாளைக்கே யாராவது ஏதாவது சொன்னால் உங்களிடம் சொல்லத் தயங்குவாள். "இது பாட்டி சின்னப் பொண்ணா இருந்தப்ப நடந்தது. இப்ப அந்த மாதிரி சட்டம் இல்ல. யாராவது உன் மனசு வலிக்கிற மாதிரி பேசினா உடனே என்கிட்ட வந்து சொல்லு." இவ்வளவு போதும். ரூபி பிறந்தது 1954-இல் என்பதால் பாட்டிக் கணக்கும் ஏறக்குறையச் சரியாகவே வரும்.

அடுத்தது "ஏன்". பெற்றோர் பலரும் சட்டென்று சொல்வது, "ரூபி கறுப்பா இருந்தா, அதான்." இப்படிச் சொன்னால் பழி ரூபியின் தோல்மேல் விழுகிறது. நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சும் கொஞ்சநஞ்சமல்ல. அதுவும் அவள் காதில் விழுந்துதான் இருக்கும். எனவே விதியிலிருந்து ஆரம்பியுங்கள்: கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று பெரியவர்கள் விதி போட்டிருந்தார்கள், அது தப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது, விதி மாறியது பிடிக்காதவர்கள் கத்துகிறார்கள்.

உங்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் வில்லியம் ஃப்ரான்ட்ஸ் பள்ளிக்கு மத்திய அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள் பாதுகாப்போடு ஆறு வயது ரூபி போனாள். வாசலில் திரண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளையினப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த வருடம் அவள் ஒருத்திக்கு மட்டும் வகுப்பு எடுத்தார். அப்பாவுக்கு வேலை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வேறு வேலை கொடுத்தார். அதே நாளில் அதே ஊரில் இன்னொரு பள்ளிக்கு மூன்று சிறுமிகள் போனார்கள். இதைப் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். ரூபி மட்டும்தான் என்ற எண்ணம் குழந்தைக்குப் பயத்தைக் கூட்டும்.

புத்தகத்தில் கூட்டம் வரும் பக்கத்தில் உடனே விளக்க ஆரம்பிக்காமல், "இதுல என்னென்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ரூபியின் தலையில் இருக்கும் ரிப்பனைத்தான் காட்டுவாள் என்றால் சரி, ரிப்பனைப் பற்றிப் பேசுங்கள். ரூபி பள்ளிக்குப் போவதை நார்மன் ராக்வெல் வரைந்து 1964-இல் வெளியான பிரபலமான ஓவியத்தையும் காட்டலாம். ரூபியின் உயரத்துக்கு வரைந்ததால் மார்ஷல்களுக்குத் தலையே இருக்காது. குழந்தைகள் முதலில் கவனிப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் பின்சுவரில் ஓர் இழிசொல் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்த குழந்தை என்றால் கேட்கும். "ரொம்பக் கேவலமான வார்த்தை, நாம சொல்றதில்ல" என்று சொல்லிக் கடந்துவிடலாம். சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையை வைத்துக் கூட்டத்தில் ஒரு பெண் காட்டிய கதை இப்போது வேண்டவே வேண்டாம். ரூபிக்கே அது கெட்ட கனவாக வந்தது.

அப்புறம், அடுத்த புத்தகம், பஸ்ஸில் வெள்ளையினத்தவருக்கு இடம்விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பற்றியது என்றால் முதலில் நீங்கள் புரட்டிப் பாருங்கள். கால் வலித்ததால் பஸ்ஸில் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வேறு தேடுங்கள். அவர் பல வருடம் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தில் வேலை செய்தவர். அவர் கைதானதை எதிர்த்து அவருடைய ஊரான மான்ட்கமரியின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்ததையும் கார்களைப் பகிர்ந்துகொண்டதையும் காட்டும் புத்தகம்தான் வேண்டும்.

எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்ற நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கி நம்மவர்கள் இங்கே வர வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டமும் அந்த இயக்கத்தின் காலத்தில் வந்ததுதான். அதை அவள் மூன்றாம் வகுப்பு வரும்போது பேசிக்கொள்ளலாம்.