டைப் அடிக்கும் அக்கா சொல்வதையும் கேளுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் சின்னதாக வக்கீல் ஆபீஸ் வைத்திருக்கிறேன். நான்கு கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்கிறார் கடைக்காரர். "விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுவிடலாம் சார், செலவே இல்லை" என்கிறார் ஜூனியர். வானவில் எழுத்துருவில் வருடக்கணக்காக டைப் அடிக்கும் அக்காவோ, "அப்படியென்றால் நான் வரவில்லை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வக்கீல் சார், ஜூனியர் சொல்வதில் தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கட்சிக்காரர் ஆவணங்கள் கிடக்கும் மெஷினை அப்படியே வெகுநாள் நெட்டில் விட்டுவைக்கக் கூடாது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நீதிபதிகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே உபுண்டு லினக்ஸ்தான்.

ஆனால் அக்காவின் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஒன்றும் புரியாது. எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தர இலவசக் கருவிகள் உண்டு. அங்கேதான் உஷார்! எது எந்த எழுத்துரு என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக மாற்றினால், 112/3ஏ என்ற சர்வே எண்ணில் இருக்கும் ஆங்கில 'ஏ'யும் சம்பந்தமே இல்லாத தமிழ் எழுத்தாகிவிடும். சொத்து வழக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பழைய ஃபைல் முழுவதையும் மாற்ற உட்காராதீர்கள். நடப்பு வழக்குகளை மட்டும் மாற்றி, சர்வே எண், செக்குபந்தி (சொத்தின் நான்கு எல்லை), சட்டப் பிரிவு எல்லாவற்றையும் பழைய பிரிண்டோடு ஒத்துப் பாருங்கள். மற்றவை நெட் இணைப்பு இல்லாத ஒரு விண்டோஸ் மெஷினில் கிடக்கட்டும்.

இப்போதைக்கு விண்டோஸை அசைக்காமல் வேர்ட் போலவே வேலை செய்யும் லிப்ரே ஆபீஸை மட்டும் போடுங்கள், இலவசம்தான். புது மனுக்களை அதில் யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லுங்கள். தாக்கலுக்கான பிடிஎஃப்பும் அதிலேயே எடுக்கலாம். வேர்டில் செய்த பழைய ஃபார்மட் கொஞ்சம் நகரும், பக்க எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா டைப்ரைட்டர் பழக்கக்காரர் என்றால், லினக்ஸிலும் தமிழ் டைப்ரைட்டர் விசை அமைப்பு உண்டு, தமிழ்99-ம் உண்டு. இதைச் சொன்னாலே பாதி கோபம் இறங்கிவிடும்.

கை பழகிய பிறகு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பாதி ஆபீஸில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் லேசில் மடங்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அப்போதே செருகிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக வந்தால் முதலில் ஜூனியர் மெஷின், கடைசியில் அக்காவுடையது. "செலவே இல்லை" என்பது ஜூனியர் உங்கள் ஆபீசில் இருக்கும்வரைதான். அவர் தனியாக போர்டு மாட்டிப் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ லினக்ஸ் தெரிந்த சர்வீஸ் ஆள் ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள்.